மூணு பொட்டு

தூக்கம் வந்தாத் தூங்கிக்கோ கண்ணு, நான் பேசறேன்னு சங்கடப்படாதே. பொள்ளாச்சி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். நீதானே கேட்ட, ஏம்மா அழறீங்கன்னு. நான் அழுகலை. கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான்.

தாராபுரத்துல என்ர தம்பி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். பதினோரு வருஷமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்த ஒரு சமாச்சாரத்தை இன்னிக்கு அவன்கிட்டச் சொல்லிரலாம்னு போனேன். சொன்னா அவன் சரியாயிருவான்னு நெனச்சேன். சொல்லிட்டுத்தான் வர்றேன்.

உன்கிட்டச் சொல்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ யாரோ, நான் யாரோ. எறங்கினா உன்ர வழி உனக்கு.

அவன் பேரு சிகாமணி. எனக்கும் அவனுக்கும் பதிமூணு வயசு வித்தியாசம். எங்கம்மா போனப்ப அவனுக்கு ஏழு வயசு. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். எங்கூட்டுக்காரரு சொல்லிச் சிரிப்பாரு, இவ சீராக் கொண்டாந்தது ஒரு பித்தளை அண்டாவும் ஒரு மச்சினனும்தான், அண்டா ஓட்டை, மச்சினன் தங்கம்னு. அப்படித்தான் வச்சிருந்தாரு. எங்கூட்டுக்காரரு பேரு ஆறுச்சாமி. பொள்ளாச்சியில கார் பட்டறை. வீட்டுக்குப் பின்னாடியே பட்டறை, நடுவுல ஒரு கதவு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் இருபது வருஷம் ஒண்ணா வேலை செஞ்சாங்க. மாப்பிள்ளை, அந்த ஸ்பானரை எடு. மச்சா, இதைப் பிடிங்க. காலையில ஆரம்பிச்சாப் பொழுது சாயற வரைக்கும் இந்தப் பேச்சுதான்.

எங்க பட்டறையில ஒரு பழக்கம் உண்டு கண்ணு. இன்ஜினை எந்தக் கை பிரிக்குதோ அந்தக் கைதான் பூட்டணும். ஒருத்தர் பிரிச்சதை இன்னொருத்தர் பூட்ட மாட்டாங்க. பிரிக்கறப்ப அவங்கவங்க ஒரு அடையாளம் வச்சுக்குவாங்க, அது அவங்களுக்குத்தான் தெரியும். யாரு பிரிச்சாலும் சரி, கழுவறது மட்டும் நான். எண்ணெய் டின்னைப் பாதியா வெட்டி, மண்ணெண்ணெய் ஊத்தி, பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சு, சோப்புத் தண்ணியில அலசி, துணியில ஒத்தி வெயில்ல வச்சேன்னா அப்படியே மின்னும். என் பொண்டாட்டி கழுவின நட்டுல மொகம் பாத்துச் சேவிங் பண்ணலாம்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வாரு. எனக்கு அது பெருமைதான், ஏன் பொய் சொல்லணும்? ஒரு பொட்டு அழுக்கு இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் ஆனைமலைத் தோப்புக்காரர் ஒருத்தர் கார் கொண்டு வந்து விட்டாரு. கார்னா இப்ப ரோட்டுல போற கார் இல்ல. செவர்லே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. அவங்கப்பா வாங்கினது. பெருசா, கறுப்பா, எருமை படுத்திருக்கற மாதிரி இருக்கும். அது ஓடி முப்பது வருஷமாச்சு. கோயமுத்தூர்ல அய்ப்பசி மாசம் பழைய கார் எல்லாம் ஊர்வலம் போகுமாம். அதுல இதை ஓட்டிட்டுப் போகணும்னு அவருக்கு ஆசை. சிகாமணிதான் இன்ஜினைப் பிரிச்சான்.

பிரிச்சாப் பிரச்சினை எல்லாம் ரெண்டு சக்கரத்துல வந்து நின்னுச்சு. டைமிங் கியர்னு சொல்வாங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. சின்னது இரும்பு, பெருசு நாரை அழுத்திச் செஞ்சது. சின்னதைப் போல பெருசுக்கு ரெண்டு மடங்கு பல்லு. சின்னது ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள பெருசு ஒரு சுத்து. எந்தப் பல்லு எந்தப் பல்லோட சேரணும்னு கணக்கு இருக்கு. ஒரு பல்லு தள்ளிப் போச்சுன்னா இன்ஜின் மூச்சை இழுக்கற நேரத்துல விடும், விடற நேரத்துல இழுக்கும். நான் படிச்சவ இல்ல கண்ணு. இருபது வருஷம் கழுவிக் கழுவித் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

பெரிய சக்கரத்துல பல்லு கொட்டிப் போயிருந்துச்சு. புதுசு எங்கயும் கெடைக்கலை. சிகாமணி சின்னச் சக்கரத்தை டிபன் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போவான். பழைய இரும்புக் கடையில ஏதாச்சும் பெரிய சக்கரம் கெடைச்சாக் கொண்டு வந்து, பல்லுல நீல மை தடவி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிக் கையால சுத்திப் பாப்பான். மை எங்க ஒட்டுது, எங்க ஒட்டலைன்னு பாப்பான். அப்புறம் காதை வச்சுக் கேப்பான். சேரலைக்கான்னு தூக்கிப் போட்டுருவான். பாக்கறதுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். பல்லு எண்ணிக்கை சரியா இருக்கும், ஆனா சாய்வு ஒரு மயிரளவு மாறியிருக்கும். அப்படி ஏழு சக்கரம் தூக்கிப் போட்டான். எங்கூட்டுக்காரரு கேலி பண்ணுவாரு, மாப்பிள்ளை உனக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட நான் இத்தனை இடம் ஏறி இறங்கலைன்னு.

எட்டாவது சக்கரம் சேந்துச்சு. சமையல் பண்ணிட்டு இருந்தவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். அக்கா, கேளு. நான் குனிஞ்சு கேட்டேன். ஒண்ணுமே கேக்கலையேடான்னேன். அதுதான்க்கா, அதுதான்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் கடைசியாப் பாத்தது அப்பத்தான்னு வச்சுக்கோயேன்.

கடலை வாங்கறியா கண்ணு? வேண்டாமா. சரி.

அதுல இன்னொரு சிக்கல் இருந்துச்சு. கியர்ல கம்பெனிக்காரன் ஒரு புள்ளி குத்தியிருப்பான். புள்ளிக்கு நேரா புள்ளியைச் சேத்தா முடிஞ்சுது. ஆனா இந்தச் சின்னச் சக்கரத்துல முன்னாடி எவனோ தண்டுல மாட்டற காடிப் பள்ளத்தை வேற இடத்துல வெட்டி மாட்டியிருந்திருக்கான். அதனால அந்தப் புள்ளி பொய். சிகாமணி ஒரு நாள் முழுக்க உக்காந்து, பிஸ்டன் எங்க நிக்குது, வால்வு எப்பத் தொறக்குதுன்னு பாத்து, சரியான பல்லைக் கண்டுபிடிச்சான். அதுல அடையாளம் வைக்கணும். நார்ச் சக்கரத்துல உளி வச்சு அடிச்சாத் தெறிச்சுரும். அதனால என்ர பொண்ணு மேகலாவோட சாந்துப் பொட்டை எடுத்து, அதுலதான் வச்சிருக்கான். சிவப்புச் சாந்து. வச்சு, ரெண்டு சக்கரத்தையும் ஒரு தட்டுல போட்டுத் துணி மூடி வச்சுட்டான். அடுத்த நாள் ஆயுத பூஜை.

இப்ப உனக்குப் புரிஞ்சிருக்கும். படிச்ச புள்ள நீ.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில எதுக்குத்தான் பொட்டு வைக்க மாட்டோம்? ஸ்பானருக்கு, ஜாக்கிக்கு, கம்ப்ரஸருக்கு, சுவிட்ச் போர்டுக்கு, அவரோட டிவிஎஸ்ஸுக்கு, நான் கழுவற எண்ணெய் டின்னுக்குக் கூட. எல்லாத்துலயும் சந்தனம், எல்லாத்துலயும் குங்குமம். நான்தான் வச்சேன். பூஜை நல்லா நடந்துச்சு. விடிஞ்சாத் தாராபுரத்துலருந்து தகவல் வருது, சிகாமணியோட மாமியார் இறந்துட்டாங்கன்னு. அவனும் அவன் பொண்டாட்டி செல்வநாயகியும் கட்டின துணியோட பஸ் ஏறினாங்க.

அன்னிக்கு மறுபூஜை முடிச்சுட்டு நான் கழுவ உக்காந்தேன். வருஷா வருஷம் கழுவறதுதான். குங்குமம் எண்ணெயில ஊறி இரும்புல அப்பிக்கிட்டா அசிங்கமா இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்துக் கழுவினேன். அந்தத் தட்டு இருந்துச்சு. துணியை எடுத்தேன். சக்கரத்துல சிவப்பா இருந்துச்சு. நான் என்னன்னு நெனைப்பேன்? எல்லாத்துலயும் சிவப்பு, இதுலயும் சிவப்பு. கழுவிட்டேன். யாரும் எங்கிட்ட அந்தத் தட்டைத் தொடாதேன்னு சொல்லலை. சொல்லியிருந்தா நான் ஏன் தொடறேன்?

மறுநாள் தோப்புக்காரர் வந்தாரு. ஞாயித்துக்கிழமை ஊர்வலம், கார் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. சிகாமணி வர்றதுக்கு இன்னும் நாலு நாள் ஆகும். எங்கூட்டுக்காரரு யோசிச்சாரு, யோசிச்சு, நானே பூட்டிடறேன்னு சொல்லிட்டாரு. இருபது வருஷத்துல அதுதான் மொதல் தடவை. சிகாமணிக்கு ஃபோன் போட்டாரு. அங்க எழவு வீடு. அவன் வெளிய வந்து நின்னு சொல்லியிருக்கான், மச்சா, கம்பெனி புள்ளியைப் பாக்காதீங்க, நான் சிவப்புப் பொட்டு வச்சிருக்கேன், பொட்டைப் பாத்துச் சேத்துங்கன்னு. இவரு தட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. சிவப்புப் பொட்டா, எங்கடா இருக்குன்னு கேக்கறாரு. நான் சமையக்கட்டுல இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். ஆனா அவரு கோவத்துல இருந்தாரு கண்ணு. கோவமா இருக்கறவருகிட்டப் போய் எப்படிச் சொல்றது? சரி, சித்த நேரம் போகட்டும், சாப்பிட்டு முடிக்கட்டும், நல்லா இருக்கறப்பச் சொல்லலாம்னு இருந்தேன். சாப்பிட்டாரு. நல்லா இருந்தாரு. நல்லா இருக்கறதை ஏன் கெடுக்கணும்னு தோணுச்சு. அனுபவப்பட்ட மனுசன், அவருக்குத் தெரியாதா, பாத்துக்குவாருன்னு விட்டுட்டேன். நீயா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்ப.

அவரு கம்பெனி புள்ளியைப் பாத்துப் பூட்டிட்டாரு.

சனிக்கிழமை ஸ்டார்ட் ஆச்சு. இருமிக்கிட்டே ஓடுச்சு. புதுக் கியர், ஓட ஓடப் பழகிரும்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல அத்தனை பெரிய மனுசங்க முன்னாடி கிளப்பினப்ப, வெடிச்சு, கார்பரேட்டர் வழியா நெருப்பைக் கக்கியிருச்சு. அணைக்கப் போனவருக்கு வலது கை வெந்து போச்சு. உள்ள நார்ச் சக்கரம் சீப்புப் பல்லு மாதிரி உதுந்து போச்சு. எட்டு இடம் அலைஞ்சு கொண்டாந்த சக்கரம். தோப்புக்காரரு ஒரு வார்த்தை திட்டலை. பரவாயில்ல ஆறுச்சாமி, வயசாயிருச்சுன்னு மட்டும் சொன்னாராம். காருக்குச் சொன்னாரா, இவருக்குச் சொன்னாரான்னு இவரு கடைசி வரைக்கும் யோசிச்சுட்டே இருந்தாரு.

சாயங்காலமே சிகாமணி ஓடி வந்துட்டான். தாடி கூட எடுக்கலை. இவரு கைக்கட்டோட பட்டறையில ஸ்டூல் மேல உக்காந்திருக்காரு. நான் ரெண்டு பேருக்கும் டீ கொண்டு போனேன். கத்திச் சண்டை போடுவாங்கன்னு நெனச்சேன். கத்தலை. கத்தியிருந்தாத் தேவலை.

"பொட்டு இல்ல மாப்பிள்ளை," அப்படீன்னாரு.

"வச்சேன் மச்சா."

"நான் கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன்."

"வச்சேன் மச்சா. துணி போட்டு மூடினேன்."

இவரு என்னையத் திரும்பிப் பாத்தாரு. "ரங்கநாயகி, அந்தத் தட்டை நீ தொட்டியா?"

டீ டம்ளர் ரெண்டும் கையில சுடுது கண்ணு. அந்தக் கைக்கட்டைப் பாக்கறேன். உள்ள நீர் கசிஞ்சு மஞ்சளா ஊறியிருக்கு. சிகாமணி என்னையவே பாக்கறான்.

"நான் எதுக்குத் தொடறேன்," அப்படீன்னேன்.

அவ்வளவுதான். மூணு வார்த்தை. வேணும்னு சொல்லலை, யாரையும் கெடுக்கணும்னு சொல்லலை. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்.

சிகாமணி எதுத்துக் கேப்பான்னு பாத்தேன். இல்லக்கா, நீதானே எல்லாத்தையும் கழுவுவன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தான்னா நான் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். அவன் கேக்கலை. அவன் செஞ்ச தப்பு அதுதான், என்னைக் கேட்டா. தலையைக் குனிஞ்சு அவன் விரலையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் மெதுவாச் சொன்னான்.

"அக்கா தொடலைன்னாத் தொடலை. நான்தான் வைக்காமயே வச்சதா நெனச்சுட்டேன் போல."

இவரு அவன் தோளைத் தட்டி, விடு மாப்பிள்ளை, கை தவறறது எல்லாருக்கும் வர்றதுதான்னாரு. பெருந்தன்மையா மன்னிச்சுட்டாரு. நல்ல மனுசன். நானும் பக்கத்துல நின்னு, ஆமா சாமி, போனாப் போகுது, டீ குடின்னு சொன்னேன். குடிச்சான்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். சண்டை இல்ல, பிரிவினை இல்ல, அடுத்த நாள் காலையில வழக்கம் போல வேலைக்கு வந்தான். ஆனா ஒரு போல்ட்டை முடுக்குவான், நாலு அடி போவான், திரும்பி வந்து மறுபடி முடுக்கிப் பாப்பான். மச்சா, நான் இதை முடுக்கிட்டேனா, பாத்துச் சொல்லுங்கம்பான். மொதல்ல எங்களுக்குச் சிரிப்பு. மேகலா கூட மாமா மாமான்னு கேலி பண்ணுவா. அப்புறம் ஒரு பிரேக் வேலைக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சு. அப்புறம் அவனே வந்து சொன்னான், எங்கையை நம்பி யாரும் வண்டியில ஏறக் கூடாதுக்கான்னு. பொண்டாட்டி ஊருக்குப் போறேன்னு கெளம்பிட்டான். போகாதேன்னு நான் அழுதேன். அன்னிக்குக் கூட... சரி, விடு.

தாராபுரத்துல ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினான். நல்லாத்தான் ஓட்டினான். ஆனா நடு ரோட்டுல நிறுத்திப் புள்ளைங்களை எண்ணுவானாம். எண்ணிட்டுக் கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்துவானாம். புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நேரங்கழிச்சுப் போச்சு, பெத்தவங்க சத்தம் போட்டாங்க, வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அப்புறம் ஒரு வேலையும் நிலைக்கலை. செல்வநாயகி பனியன் கம்பெனிக்குத் தைக்கப் போறா. இவன் வீட்டுல இருக்கான். கதவைப் பூட்டினா மணியைப் போட்டு நோட்டுல எழுதி வைக்கிறான். எழுதினதை நம்பாம, எழுதினது நான்தானான்னு பாக்கறான்.

நான் ஒண்ணும் சும்மா இருக்கலை. தீபாவளி தவறாமத் துணி எடுத்துக் குடுப்பேன். அவனுக்குப் பிடிச்ச ஒப்புட்டுச் செஞ்சு பஸ்ஸுல தாட்டி விடுவேன். பழனி மலைக்கு அவன் பேருக்கு நடந்தே போயிருக்கேன், மூணு தடவை. கூடப் பொறந்தவ இதுக்கு மேல என்ன செய்ய முடியும், சொல்லு? செல்வநாயகிதான் சரியாப் பாத்துக்கறதில்லைன்னு எனக்கு ஒரு நெனப்பு. அவகிட்டயே சொல்லியும் இருக்கேன்.

எங்கூட்டுக்காரரு போன தை மாசம் தவறிட்டாரு. நெஞ்சு வலி. அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அவரு இருந்தப்ப எப்படிச் சொல்றது? வெந்த கையோட இருக்கற கட்டின மனுசன்கிட்ட, இது என்னாலதான்னு எப்படிச் சொல்றது?

போன வாரம் செல்வநாயகி ஃபோன் பண்ணினா. திருப்பூர்ல ஒரு மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாளாம். இது எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டாராம். இவன் உடனே சொன்னானாம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், நான் வைக்காத ஒரு பொட்டை வச்சதாப் பாத்தேன் டாக்டர், அன்னையிலருந்து என்ர கண்ணும் கையும் எனக்குப் பொய் சொல்லுதுன்னு. செல்வநாயகி கேட்டா, அது என்ன பொட்டு அண்ணி, உங்களுக்குத் தெரியுமான்னு. அவ குத்தமாக் கேக்கலை. தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. நான் ஃபோனை வச்சுட்டேன்.

அஞ்சு நாள் சோறு இறங்கலை. இன்னிக்குக் காலையில மொதல் பஸ்ஸைப் பிடிச்சேன்.

போனேன். செல்வநாயகி வேலைக்குப் போயிட்டா. இவன் மட்டும்தான். அக்கா அக்கான்னு சேர் எடுத்துப் போட்டான், மோர் கலக்கிக் கொண்டாந்தான். ஆள் பாதியாப் போயிட்டான். நாற்பத்தாறு வயசுதான் கண்ணு, தலை முழுக்க வெளுத்துருச்சு. நான் மோரைக் கையில வச்சுட்டே சொல்லிட்டேன். வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பாத்துட்டுப் போனது ஒண்ணும் வரலை. அந்தப் பொட்டை நான்தான் கழுவினேன் சாமி, நீ வச்சிருந்த, நான் கழுவிட்டேன், உன்ர மச்சான் கேட்டப்பத் தொடலைன்னு பொய் சொன்னேன். அப்படியே சொன்னேன்.

அவன் என்னையப் பாத்தான். அப்புறம் சிரிச்சான். அந்தச் சிரிப்பு இல்ல, வேற.

"எனக்காக நீ ஏன்க்கா பழியைத் தலையில போட்டுக்கற?"

இல்லடா சாமி, நெசமாத்தான்னேன். நெசமாத்தான், நெசமாத்தான்னு எத்தனை தடவை சொன்னேன்னு எனக்கே தெரியாது. செல்வநாயகி வரச் சொன்னாளாக்கான்னு கேட்டான். டாக்டர் சொல்லச் சொன்னாரான்னு கேட்டான். நீ பொய் சொல்ல மாட்டியேக்கா, உனக்குச் சொல்லக் கூட வரலை பாருங்கறான்.

அப்ப எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சது அது. சிகாமணி, நீ ஒரு பொட்டு வைக்கலை, மூணு வச்சிருந்த. பெரிய சக்கரத்துல ஒரு பல்லுல ஒண்ணு, சின்னச் சக்கரத்துல அடுத்தடுத்த ரெண்டு பல்லுல ஒவ்வொண்ணு. பெருசோட பல்லு அந்த ரெண்டுக்கும் நடுவுல போய் உக்காரணும். நீ யாருகிட்டயும் மூணுன்னு சொல்லலை. சிவப்புப் பொட்டுன்னுதான் சொன்ன. கழுவினவளுக்குத்தானேடா தெரியும், மூணுன்னு?

அவன் மொகம் மாறுச்சு கண்ணு. நான் பாத்தேன். ரெண்டு கையையும் தூக்கி, ஒரு கையில பெரிய சக்கரம், ஒரு கையில சின்னச் சக்கரம் இருக்கற மாதிரி வச்சு, மெதுவாத் திருப்பினான். வெரல் ரெண்டுக்கு நடுவுல இன்னொரு வெரலைக் கொண்டு போனான். மூணு, அப்படீன்னான். கண்ணு அப்படியே தொறந்துச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இருந்த சிகாமணி உள்ள இருந்து எட்டிப் பாத்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் கையைக் கீழ போட்டுட்டான்.

"யாருகிட்டக்கா கேட்டுட்டு வந்த? எந்த மெக்கானிக் சொல்லிக் குடுத்தான்? இதை வேற மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கியே எனக்காக."

குனிஞ்சு என்ர காலைத் தொட்டுக் கும்பிட்டான். இந்த மாதிரி அக்கா யாருக்குக் கெடைக்கும்னு அழறான். நான் என்ன செய்ய? தலையைத் தடவிக் குடுத்தேன். வேற என்ன செய்யச் சொல்ற?

அவனும் அப்படி ஒரேயடியா நம்பாம இருக்கக் கூடாது. அன்னிக்கு நான் சொன்னதை ஒரு பேச்சுக் கேக்காம நம்பினானே, இன்னிக்குச் சொன்னதையும் நம்ப வேண்டியதுதானே? அன்னிக்கு நம்பினவன் இன்னிக்கு ஏன் நம்பலை? பூஜைக்கு முந்தின நாள் கூட, அக்கா, இந்தத் தட்டைத் தொட்டுராதேன்னு சொன்னதுக்கு, நான் தலையாட்டினதை நம்பித்தானே போனான்.

ஆமா. சொன்னான். சொல்லாம இல்ல. அடுப்புல பருப்பு பொங்கிட்டு இருந்துச்சு, நான் காதுல சரியா வாங்கலை. சரி சரின்னு தலையாட்டினேன். இதை அவன்கிட்டயும் சொல்லலை, இப்பத்தான் உன்கிட்டச் சொல்றேன்.

உடுமலை தாண்டியாச்சா? பேசிட்டே இருந்ததுல தெரியலை.

நீ நம்பறியா கண்ணு? நான் கழுவினேன்னு சொல்றதை? நீ தலையாட்டற. சரி. யாராச்சும் ஒருத்தர் நம்பினாப் போதும்னு இருக்குது எனக்கு. போதாதுதான். நீ நம்பி அவனுக்கு என்ன ஆகப் போகுது.

இரு கண்ணு, ஃபோன் அடிக்குது. அவன்தான்.

சொல்லு சாமி. ஆமா, பஸ்ஸுலதான் இருக்கறேன். ஆமா, பொள்ளாச்சி பஸ்தான். இல்லடா, நீதான் ஏத்தி விட்ட. போர்டைப் படிச்சுட்டு, கண்டக்டரையும் கேட்டுட்டுத்தானே ஏத்தின. இல்ல சாமி, வேற பஸ் இல்ல. என்ர கண்ணால பாத்தேன். நீ ஏத்தி விட்ட, நான் ஏறினேன், நீ கீழ நின்ன. ஆமா. எழுதி வச்சுக்கோ. ஒண்ணே கால்னு எழுதிக்கோ. சரி சாமி. வச்சுடு.

என்னைய பஸ் ஏத்தி விட்டானா இல்லையான்னு சந்தேகம் வந்திருச்சாம். நான் சொன்னதும், நீ சொன்னாச் சரிக்கான்னு வச்சுட்டான்.

இதை நம்பிக்கறான் கண்ணு.